வசிதிக்கு மூடிய கடல்

தலைநகர் சுவாவிலிருந்து வந்த படகு எங்கள் ஊர் நதிரியின் துறையைத் தொட்டதும் ஒரு மாணவி ஓடி வந்து எனக்கு நன்றி சொன்னாள்.

பெயர் லொத்தே. பேராசிரியர் மார்லீன் இந்த வருடம் ஹாலந்திலிருந்து கூட்டி வந்த மாணவர்களில் ஒருத்தி. எங்கள் மொழியை ஓரளவு பேசுவாள்.

"எதுக்கு நன்றி?" என்றேன்.

"கடலுக்கு. பத்து வருஷம் குடுத்திருக்கீங்க. டீச்சர் சொன்னப்போ நான் அழுதுட்டேன்."

மேலே கேட்பதற்குள் பெட்டிகளை இறக்கப் போய்விட்டாள்.

குடாவின் வாயில் கழிகள் நின்றன. உச்சியில் கட்டிய தென்னங்கீற்று காய்ந்து பழுப்பாகியிருந்தது. என் மனைவி வசிதி செத்த மறுநாள் நட்டவை. எங்கள் பக்கத்தில் பெரிய வீட்டுச் சாவுக்குத்தான் கடலை மூடுவார்கள். நூறாம் இரவு வரை அங்கே வலை இறங்காது, தூண்டில் இறங்காது. பிறகு கழியைப் பிடுங்கி, மீன் பிடித்து, செத்தவரின் பிறந்த வீட்டாருக்கு முதலில் படைக்க வேண்டும். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் கறுப்புத் துணியைக் களையலாம். சாவு அன்றைக்குத்தான் முடியும்.

வசிதி பெரிய வீட்டுப் பெண் இல்லை. ஆனால் புயல் வாரிக்கொண்டு போன குடாவில் கண்டல் மரக் கன்று நட்ட பெண்களை நடத்தியவள் அவள். அதனால் தலைவரே மூடச் சொன்னார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் இருதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. கர்ப்பமான பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில் இறந்தாள்.

நூறாம் இரவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

வீட்டு முன்னால் என் மச்சான் ருபேனி வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். வசிதியின் தம்பி. பக்கத்துத் தீவிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டான்.

"வாய்யா படிச்சவரே! சுவால சோறு போடலையா? தாடி மட்டும் வந்திருக்கு, ஆளைக் காணோம்."

"நீ எப்ப வந்தே?"

"நேத்து. உங்க ஊர்க்காரன் பின்னின வலையப் பாத்தேன். எது கண்ணி, எது ஓட்டைன்னு மீனுக்கே தெரியாது. நேரா வந்து நேராப் போயிடும். எங்க அக்காவை இந்த ஊருக்கா குடுத்தோம்னு இருக்கு."

"குடுத்தப்போ உங்க அப்பா சிரிச்சுக்கிட்டுதான் குடுத்தார்."

"சீரா வந்த பன்னி எத்தனைன்னு பாத்துச் சிரிச்சிருப்பார். மாப்பிள்ளையப் பாத்து இல்லை."

வலையை இழுத்து முடிச்சுப் போட்டான். பிறகு குரலைத் தணித்தான்.

"மச்சான், அம்மா ஒண்ணு சொல்லி அனுப்பிச்சு. பெரிய விளைமீன் தலை வேணுமாம். தேங்காப்பால்ல. அக்கா போனதிலேருந்து மீனைத் தொடலை அது. வசிதி கடலு தெறக்கட்டும், அப்பத் திங்கிறேன்னு உக்காந்திருக்கு. வெறும் மரவள்ளியும் கீரையும். பாதியா ஆயிடுச்சு."

எனக்குத் தெரியும். குழிமேட்டில் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முதல் மீனை என் கையாலேயே தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வசிதிக்காக நான் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"பத்து வருஷம்னு ஏதாவது கேள்விப்பட்டியா?" என்றேன்.

"என்ன பத்து வருஷம்?"

"ஒண்ணுமில்லை."

பையை வைத்துவிட்டு அண்ணன் பெனாயாவைத் தேடிப் போனேன்.

பெனாயா என் பெரியப்பா மகன். எங்கள் குலத்துக்கு வாய் அவன்தான். தலைவரிடம் எது கேட்பதானாலும் குலத்துக்காக அவன்தான் உட்கார்ந்து பேச வேண்டும். தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண் கையோடு வந்து கட்டிக்கொண்டான்.

"பெரிய காரியம்டா தம்பி. எனக்கு வாய் வந்திருக்காது. உனக்கு வந்துச்சு."

"நான் என்ன செஞ்சேன்?"

"என்னடா, தெரியாத மாதிரி? பத்து வருஷம் கடல விட்டுக் குடுத்தது. வசிதி பேர்ல."

"யார் சொன்னது?"

"மரிலினிதான் வந்தா." பேராசிரியரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கையில திமிங்கிலப் பல்லு. எண்ணெ ஏறிச் செவந்த பழைய பல்லு. சுவால அடகுக் கடையில எடுத்தாளாம். எங்க எடுத்தா என்ன, நல்ல பல்லு. என்னைக் கூப்பிட்டுக்கிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போனா. உன் பேரைச் சொல்லி, எசலாவோட ஆசை இது, அவனால சபையில உக்காந்து சொல்ல முடியாது, ஒடைஞ்சிடுவான், அதனால தாயா நான் வந்திருக்கேன்னு சொன்னா. நான் எடுத்துப் பேசினேன். தலைவர் பல்லை வாங்கினப்போ ஒரு ஆள் கண்ணும் காயலை." எங்கள் ஊரில் அந்தப் பல்லை வாங்கிக்கொண்டால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம்.

"நான் அனுப்பலை."

அவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் நின்றது.

"வெளையாடாத."

"அண்ணா, நான் அனுப்பலை. எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

மரவள்ளியைக் கீழே போட்டான். கொஞ்ச நேரம் கையிலிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"எப்படிடா கேப்பேன்? தாய் வந்து நிக்கிறா. தாய் சொல்றது நெசமான்னு மகன்கிட்ட ஆள் அனுப்பிக் கேக்கிற ஊரா இது?"

அவன் சொன்னது சரி. எங்கள் ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பேராசிரியரை எங்கள் ஊர் எனக்குத் தாயாக்கி எட்டு வருடம் ஆகிறது. எங்கள் குடாவைச் சீர்செய்ய அவர் முதலில் வந்தபோது நான் பள்ளி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். என்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். தேர்வுக்கு முன் கூடவே உட்கார்ந்து படிக்க வைத்தார். ஊர் அதைப் பார்த்தது. பெற்ற தாய் இல்லாத பையனுக்கு இவள் தாய் என்று தலைவர் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். ஊர் அதை உபசாரத்துக்குச் செய்யவில்லை. ஹாலந்தில் அப்படி ஒரு உறவுக்கு என்ன எடை என்று ஊர் கேட்கவும் இல்லை. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டுச் சாவுக்குக் கறுப்பு உடுத்தினார்.

"நான் போய்த் தலைவர்கிட்ட சொல்றேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவ? பல்லு கைமாறியாச்சு. கேட்ட வாய்தான் போய்த் திருப்பிக் கேக்கணும். தாய் கேட்டதை மகன் இல்லைன்னா, தலைவர் யாரை நம்புவார்? மகன் பேச்சு தாய் பேச்சுக்குக் கீழதான்."

"அப்ப அவங்களையே கூட்டிக்கிட்டு வரேன்."

"கூட்டிக்கிட்டு வா. நானும் வந்து உக்கார்றேன்." குனிந்து மரவள்ளியைப் பொறுக்க ஆரம்பித்தான். "எசலா, ஏதாவது தப்பா வெளங்கியிருக்கும்டா. அவ அப்படிப்பட்டவ இல்லை."

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

நீர் வற்றியிருந்தது. பேராசிரியர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு உடைந்த பவளத் துண்டுகளை இரும்புச் சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதில் அவர் கட்டும் முடிச்சு எங்கள் பையன்கள் கட்டுவதைவிட இறுக்கமாக இருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சுவா எப்படி இருந்துச்சு? உன் பேச்சு நல்லா இருந்ததுன்னு எழுதியிருக்காங்க."

அவர்தான் என்னை அனுப்பினார். இந்த நேரத்தில் ஊரிலேயே கிடந்தால் உடைந்துபோவாய், கருத்தரங்குக்குப் போய் வா என்றார். அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், பல்லு நீங்க கொண்டுபோனீங்களா?"

அவர் கை நிற்கவில்லை. "ஆமா."

"நான் கேட்டதாச் சொன்னீங்க."

"நீ கேட்டிருப்ப எசலா. ஆறு மாசம் கழிச்சு. அப்ப மீன் இருந்திருக்காது."

தண்ணீருக்குள் இறங்கி அவர் எதிரில் நின்றேன். சட்டங்களுக்கு நடுவே குஞ்சுக் கிளிமீன்கள் கூட்டமாகத் திரும்பின.

"என் அத்தை மீன் தொடாம இருக்காங்க."

"தெரியும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அது ஒரு வேளைச் சாப்பாடு. இங்க நாலு வருஷப் பவள வேலை இருக்கு. நீ, நான், வசிதி, எல்லாரும் செஞ்சது. திறந்தா ஒரே நாள்ல போயிடும். நானா சொல்றேன்? நீயே எழுதியிருக்க, மூணாவது அத்தியாயம்."

எழுதியிருந்தேன். என் முதுகலை ஆய்வு அதைப் பற்றித்தான். சாவுக்கு மூடிய கடலில் மீன் எவ்வளவு பெருகுகிறது, திறந்த நாளில் எப்படி எல்லாம் வாரப்படுகிறது. மூடலை நீட்டக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு. துக்கத்துக்குரியவன், அல்லது அவனுக்காகத் தாய். பல்லோடு கேட்டால் தலைவர் மறுக்க முடியாது. எங்கள் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது. வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவர் அவர். நான் வழக்கம் என்று எழுதினேன். அவர் வழிமுறை என்று படித்தார்.

"ஊரைக் கேக்காம ஊர்க் கடல்ல ஒரு குச்சிகூட நடக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க."

"ஊரைக் கேட்டேன். ஊர் சரின்னு சொல்லிச்சு."

"என்னைக் கேக்கலை."

"நீ துக்கத்துல இருக்க. துக்கத்துல இருக்கிறவங்க தலையில முடிவு எடுக்கிற பாரத்தை வைக்கக் கூடாது. அதை நான் எடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது. பொய் என்று தெரிந்து சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "உனக்கு எங்க பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சிருக்கு. இதே குடாதான் உன் ஆராய்ச்சி. பத்து வருஷம் மூடின கடல் உலகத்துல எத்தனை இருக்கு சொல்லு? வசிதி பேர்லயே வைக்கலாம். அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கும்."

"வசிதிக்கு விளைமீன் பிடிக்கும்."

சிரித்தார். ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

"தலைவர்கிட்ட வந்து திருப்பிக் கேளுங்க டீச்சர். நீங்க கேட்டாத்தான் ஆகும்."

"மாட்டேன். என்மேல கோபப்பட்டுக்கோ. தாய்மேல கோபப்படாம வேற யார்மேல படப்போற?"

அடுத்த பவளத் துண்டை எடுத்தார். நான் கரைக்கு வந்தேன்.

சுவாவில் கென்யாவிலிருந்து ஒருவன் வந்திருந்தான். ம்வின்யி என்று பெயர். அவன் ஊரிலும் பேராசிரியர் கண்டல் நடுகிறார். இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு வந்து என் தோளில் தட்டி, "நீ மார்லீன் மகன்தானே? நானும் அவங்க மகன்தான். நாம அண்ணன் தம்பி" என்றான். இருவரும் சிரித்தோம். பிலிப்பைன்ஸில் இன்னொரு தம்பி இருப்பதாகவும் சொன்னான். கரையில் கால் காய நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது. அவன் ஊர்க் கடலை யார் கேட்டு மூடினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ருபேனியிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அவன் வலை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டான். பிறகு ஊசியை எடுத்தான்.

"அப்ப மீன் இல்லை."

"இல்லை."

"எங்கம்மாவுக்கு என்ன சொல்றது?"

"நான் கேக்கலை ருபேனி. எனக்குத் தெரியாம நடந்தது."

"உன் அம்மா கேட்டிருக்கா. எங்க ஊர்ல அம்மா கேட்டா மகன் கேட்டதுதான். உங்க ஊர்ல வேறயா?" வலையைச் சுருட்ட ஆரம்பித்தான். "வெளிநாட்டுப் படிப்பாமே? அந்த வெள்ளைக்காரப் பொண்ணு சொன்னா, ரொம்ப சந்தோஷமா. அக்காவ அடக்கம் பண்ணின மண்ணு இன்னும் காயலை. அதுக்குள்ள அவ கடலை வச்சு மேல ஏறியாச்சு."

"மச்சான்..."

"நல்லாப் படி எசலா."

கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனான். எங்கள் வீட்டில் அதன்பின் சாப்பிடவில்லை.

ஊர் முழுக்க என்னைத் தட்டிக் கொடுத்தது. பெண்கள் கோழி பிடித்தார்கள். கடையில் இருந்த டின் மீன் எல்லாம் சமையல் கொட்டகைக்கு வந்தது. லொத்தேயும் மற்ற மாணவர்களும் ஒரு பலகையில் வசிதியின் முகம் வரைந்தார்கள். கீழே "வசிதி கடல்" என்று எழுதினார்கள். முகம் அவள் மாதிரியே இருந்தது. நான் அந்தப் பக்கம் நடப்பதை விட்டேன்.

பெனாயா ஒருநாள் வந்து கேட்டான். "மரிலினி வருவாளா?"

"மாட்டாங்களாம்."

"அப்ப என் வாய் பொய் சொல்லியிருக்கு" என்றான். "தலைவர் முன்னால. இத்தனை வருஷத்துல மொத தடவை." திரும்பிப் போனான்.

நூறாம் நாள் காலையில் வசிதியின் வீட்டார் படகில் வந்தார்கள். பாய்களும் துணிகளும் சேப்பங்கிழங்குக் கட்டுகளுமாக இறங்கினார்கள். எல்லோரும் கறுப்பில் இருந்தார்கள். அத்தையை இருவர் பிடித்து இறக்கினார்கள். கரையில் நட்டிருந்த பலகையை அவர் நின்று பார்த்தார். மகளின் கன்னத்தை விரலால் தொட்டார். பெயிண்ட் காய்ந்திருந்ததா என்று பார்ப்பது போல விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கழி இன்னும் நிக்குதே" என்றார்.

"ஆமா அத்தை."

"சபை முடிஞ்சுதான் பிடுங்குவீங்களா?"

ருபேனி அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அந்த வேலையை எனக்கு விட்டிருந்தான். படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். சமையல் கொட்டகையிலிருந்து டின் மீனை வெங்காயத்தோடு தாளிக்கும் வாசனை வந்தது. அத்தை அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

சபையில் மேல்பாயில் தலைவர். அவருக்கு முன்னால் அந்தப் பல். ஒரு பக்கம் எங்கள் குலம், எதிரே வசிதியின் வீட்டார். பேராசிரியர் எங்கள் பக்கத்தில், என் தாய் உட்கார வேண்டிய இடத்தில், கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கத்தில் அவர் தவறு செய்ததே இல்லை. காலை மடக்குவது, தலையைத் தாழ்த்துவது, எல்லாம் சரியாக இருக்கும். மாணவர்கள் சுவரோரம்.

யங்கோனா வேர்ப்பானம் கரைத்து முதல் சுற்று முடிந்தது. பெனாயா நன்றி சொல்ல வேண்டிய முறை. அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பேச்சு வரவில்லை.

நான் கையைக் குவித்துத் தட்டினேன். சபையில் பேச அனுமதி கேட்பது அப்படித்தான். தலைவர் தலையசைத்தார்.

"டீச்சர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேளு."

அவர் பக்கம் திரும்பினேன். "டீச்சர், கடலைக் கேக்கச் சொல்லி நான் உங்களை அனுப்பினேனா?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் பிரியம் இருந்தது. நான் முதன்முதலில் ஆங்கிலத்தில் மேடை ஏறிய நாளில் கீழே உட்கார்ந்து பார்த்த அதே முகம். தப்பித்துக்கொள்ள நிறைய வழி இருந்தது. குழப்பம் நேர்ந்துவிட்டது என்றிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம்.

"அனுப்பின, மகனே" என்றார். "அழுதுக்கிட்டே சொன்ன. உனக்கு ஞாபகம் இல்லை."

எதிர்ப்பக்கத்தில் யாரோ இருமினார்கள். ருபேனி என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை கண்ணை மூடியிருந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. எதுவும் வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னால் என்னவெல்லாம் போகும் என்பதும் தெரிந்தது.

"தலைவரே, இவங்க எனக்கு டீச்சர். தாய் இல்லை."

சுவரோரம் லொத்தே பக்கத்திலிருந்தவளிடம் என்ன என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை.

தலைவர் மெதுவாகப் பேசினார். "அது நாங்க வச்ச உறவு. இந்தப் பாய்ல வச்சது."

"நீங்க வச்சீங்க. நான் எடுக்கிறேன். வச்ச பாய்லயே எடுக்கிறேன்."

"எடுத்தா திரும்ப வைக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"உங்க அண்ணன் ஊர் முன்னால தலை குனிவான். அதுவும் தெரியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் பெனாயா பேசினான். "குனியறேன் தலைவரே. என் வாய்க்கு அது வேணும்."

தலைவர் பல்லைப் பார்த்தார். பிறகு அதை இரண்டு கையாலும் எடுத்துப் பேராசிரியர் முன்னால் பாயில் வைத்தார்.

"தாயா வந்து கேட்ட. தாய் இல்லைன்னு ஆயிடுச்சு. அப்ப யாரும் கேக்கலை. இது உன்னுது, எடுத்துக்கோ."

பேராசிரியர் பல்லைத் தொடவில்லை. "எசலா" என்று மட்டும் சொன்னார். பெற்றவள் கூப்பிடுவது போலத்தான் இருந்தது.

பெனாயா எழுந்து வெளியே போனான். தண்ணீருக்குள் நடந்து போய்க் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் எறிந்தான். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அடுப்பில் இருந்த டின் மீனை விட்டுவிட்டுப் பெண்களும் ஓடினார்கள். "அடியே, சுலுத் துணியைத் தூக்கிக் கட்டு, நண்டு உன்னைத்தான் பாக்குது!" என்று ஒருத்தி கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். நூறு நாளில் ஊர் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

ருபேனி வலையோடு வந்து நின்றான்.

"அந்த ஓரத்தைப் பிடி எசலா" என்றான்.

பிடித்தேன். வலையை வளைத்து இழுத்தோம். கனத்தது. விளைமீன், களவாய், கிளிமீன், பாறை. சின்னதும் பெரியதுமாக. பெரியதை மட்டும் எடுத்துச் சின்னதை விடச் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கால்கள் பவளச் சட்டங்கள் மேல் ஏறி இறங்கின. கட்டியது தெறித்தது. ஒரு சட்டம் கவிழ்ந்து கிடந்தது. அதில் சிலவற்றை வசிதி கட்டியிருந்தாள். எவை என்று இப்போது சொல்ல முடியாது.

நீர் ஏறுவதற்குள் குடா காலியானது. பேராசிரியர் சொன்னது சரிதான். நான் எழுதியதும் சரிதான். லொத்தே கரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் போய் உட்கார வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை.

விளைமீன் தலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து என் கையால் அத்தைக்குக் கொண்டுபோனேன். அவர் முதலில் முகர்ந்தார். பிறகு கன்னச் சதையைப் பிய்த்து வாயில் வைத்தார். மெல்ல மென்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிய பிறகு கையை என் தட்டுப் பக்கம் நீட்டி ஒரு துண்டு வைத்தார்.

"உப்பு கம்மி" என்றார். "தின்னுங்க மாப்பிள்ளை."

தின்றேன். உப்பு தெரியவில்லை. பெண்கள் எங்கள் கறுப்புத் துணிகளை வாங்கி, பூப்போட்ட துணிகளைத் தந்தார்கள். முடிந்தது என்றார்கள்.

பேராசிரியர் விருந்தாளிகள் உட்காரும் வாசல் பக்கத்துப் பாயில் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் படகுக்குச் சொல்லிவிட்டதாகப் பெனாயா சொன்னான். அவருக்கும் தட்டு போயிற்று. வெளியார் என்பதால் கூடவே ஒரு கரண்டியும் முள்கரண்டியும் வைத்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் அவருக்கு யாரும் அவற்றை வைத்ததில்லை.

அவர் அவற்றை ஒதுக்கி வைத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடுங்க மரிலினி" என்றான் பெனாயா. "ஆறிடும்."

அவர் தலை நிமிர்ந்து என்னைத் தேடினார். "ரெண்டே வருஷம் எசலா" என்றார். "ரெண்டு வருஷம் விட்டிருந்தாக்கூட..."

"தெரியும் டீச்சர்" என்றேன்.

பிறகு அவர் கையால் சாப்பிட ஆரம்பித்தார். கிளிமீன். முள்ளை நாக்கால் ஒதுக்கி, உதட்டோரம் ஒவ்வொன்றாக எடுத்து, தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். எங்கள் ஊரில் யாரும் அப்படி வரிசையாக வைப்பதில்லை. வசிதி வைப்பாள்.